ஸ்டேப்பிள் சிங்கர்ஸ் கேக்கணும்னா எங்க இருந்து ஆரம்பிக்கிறது? சர்ச் பாட்டா, சோல் பாட்டா?

திண்ணைவாசி:

வணக்கம் மக்களே. கொஞ்ச நாளா வீட்ல, வண்டில, ஆபீஸ்லன்னு எங்க போனாலும் ஒரே பாட்டத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிக்கிட்டு இருக்கேன், ஸ்டேப்பிள் சிங்கர்ஸோட 'ஐல் டேக் யூ தேர்'. சரி இவங்களோட மத்த பாட்டையும் கேப்போமேன்னு ஆப்ல பேரப் போட்டுத் தேடினா தலை சுத்துது. ஒரு பாட்டு எழுந்து ஆட வைக்குது, அடுத்தது அப்படியே சர்ச்ல உக்காந்த மாதிரி, ஒரு கிடார், கொஞ்சம் கைதட்டு, நாலு குரல், அவ்வளவுதான். அதுக்கு அடுத்தது பாப் டிலன் எழுதின பாட்டு. இதெல்லாம் ஒரே க்ரூப்பா இல்ல ஒரே பேர்ல வேற வேற ஆளுங்களா?

விசாரிச்சதுல தெரிஞ்சது, சிகாகோக்காரங்க, அப்பாவும் பிள்ளைங்களும் சேந்து பாடின குடும்பம், அப்பா பேரு பாப்ஸ் ஸ்டேப்பிள்ஸ், லீட் பாடுறது பொண்ணு மேவிஸ். என் ஃப்ரெண்டு ஒருத்தன் இருக்கான், சோல் மியூசிக்னா உயிரு அவனுக்கு, அவன் சொல்றது என்னன்னா இவங்க அருமையான கோஸ்பல் (அதான் சர்ச் பாட்டு) பாடகருங்க, பின்னாடி காசுக்காக டான்ஸ் பாட்டுக்குப் போயிட்டாங்க, அதனால பழச மட்டும் கேளு மத்தத விட்டுடுன்னு. எனக்கு என்னமோ அப்படித் தோணல, ஆனா அவன்கிட்ட எதுத்துப் பேச எனக்கு சரக்கு இல்ல.

ரெண்டு கேள்வி. எதுல ஆரம்பிச்சா இவங்க யாருன்னு பிடிபடும்? இன்னொன்னு, நான் கேக்குற அந்தப் பாட்டு நடுவுல மேவிஸ் 'டாடி'ன்னு கூப்பிடுறாங்க, உடனே ஒரு கிடார் வருது, அது அப்பா வாசிக்கிறதுதானே? பழைய பாட்டுல கேக்குற கிடாருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கு.


கறுப்புத்தட்டு:

வாங்க வாங்க. ஸ்டேப்பிள்ஸ் பத்தி இங்க யாராவது கேப்பாங்களான்னு ரொம்ப நாளா பாத்துக்கிட்டு இருந்தேன்.

1956ல வீ-ஜே கம்பெனி போட்ட 'அன்க்ளவுடி டே'ல ஆரம்பிங்க. வேற பேச்சே இல்ல. ராத்திரி லைட்ட அணைச்சுட்டு ஹெட்போன் போட்டுக் கேளுங்க. முதல்ல பாப்ஸோட கிடார் மட்டும் வரும், ட்ரெமோலோ போட்டு ஒவ்வொரு சுரமும் நடுங்கி நடுங்கி, கெணத்துக்கு அடில இருந்து வர்ற மாதிரி. அதுமேல பிள்ளைங்க குரல் அவசரமே இல்லாம வந்து உக்காரும். அப்புறம் மேவிஸ் அடிக்குரல்ல உள்ள நுழைவாங்க பாருங்க, அப்ப அந்தப் பொண்ணுக்கு வயசு 17. ரேடியோல கேட்டவங்க பாதிப்பேரு பாடுறது ஆம்பளைன்னே முடிவு பண்ணிட்டாங்களாம், மீதிப்பேரு யாரோ வயசான பெரிய உடம்புக்கார அம்மான்னு நினைச்சிருக்காங்க, மேடைல சின்னப் பொண்ணு வந்து நின்னதும் நம்பவே மாட்டேன்னுட்டாங்கன்னு மேவிஸே பேட்டிகள்ல சொல்லிச் சிரிப்பாங்க. மினசோட்டால பள்ளிக்கூடப் பையனா இருந்த பாப் டிலன் ராத்திரி ரேடியோல இதக் கேட்டுட்டு தூக்கம் வராம கிடந்தேன்னு சொல்லியிருக்காரு. பின்னாடி அதே ஆளு மேவிஸைக் கல்யாணம் பண்ணிக்கக் கேட்டு, அந்தம்மா வேணாம்னு சொன்னது தனிக்கதை.

இப்ப உங்க ஃப்ரெண்டு விஷயம். பழசு நல்லதுன்னு அவர் சொல்றது சரி. ஆனா பழசுதான் சுத்த கோஸ்பல், புதுசு கலப்படம்னு அவர் பிரிக்கிறாரு பாருங்க, அங்கதான் இடிக்குது. அந்தக் கிடார் எங்க இருந்து வந்துச்சுன்னு கேளுங்க. பாப்ஸ் 1914ல மிசிசிப்பில பொறந்தவரு, நிஜப் பேரு ரோபக். வளந்தது டாக்கரின்னு ஒரு பெரிய பருத்திப் பண்ணைல, சின்ன வயசுலயே பருத்தி எடுக்கப் போனவரு. அதே பண்ணைலதான் சார்லி பாட்டன் இருந்தாரு, டெல்டா ப்ளூஸுன்னு மிசிசிப்பி கறுப்பு ஜனங்களோட பாட்டு இருக்கே, அதுக்கே பெரிய தலைக்கட்டு அவரு. அவர் வாசிக்கிறதப் பாத்துதான் பாப்ஸ் கிடார் கத்துக்கிட்டாரு, சனிக்கிழமை ராத்திரி ப்ளூஸ், ஞாயித்துக்கிழமை காலைல சர்ச். 1930கள் நடுவுல பொண்டாட்டி ஒசியோலா, பிள்ளைங்களோட சிகாகோ வந்து சேந்தாரு. மாட்டுக்கறி கம்பெனில வேலை, ஸ்டீல் மில்லுல வேலை, ரொம்ப வருஷம் கிடாரே கையில இல்ல.

அங்க ஆம்பளைங்களா சேந்து ஒரு கோஸ்பல் க்ரூப்புல பாடிக்கிட்டு இருந்தாரு, ட்ரம்பெட் ஜூபிலீஸ்னு பேரு. பிராக்டீஸுக்கு ஆறு பேர் வரணும்னா ரெண்டு பேர் வருவாங்க, ஒருநாள் மூணு பேர். கடுப்பாகி வீட்டுக்கு வந்து ஒரு பழைய கிடார எடுத்து வச்சுக்கிட்டு பிள்ளைங்கள ஹாலு தரைல வட்டமா உக்கார வச்சு, ஊர்ல தன் அண்ணன் அக்காங்களோட பாடின அதே குரல் பிரிவ இவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணாச் சொல்லிக் குடுத்தாரு. அதுதான் ஸ்டேப்பிள் சிங்கர்ஸ். 1948ல முதல் தடவையா ஒரு சர்ச்ல பாடினப்ப ஜனம் விடவே இல்லையாம், ஒன்ஸ் மோர் ஒன்ஸ் மோர்னு, இவங்களுக்கு முழுசாத் தெரிஞ்சது ஒரே பாட்டு, அதனால அதையே மூணு தடவ பாடிட்டு இறங்கியிருக்காங்க.

ஆக மொத்தம் முதல் நாள்ல இருந்தே சர்ச் பாட்டு வரிக்கு கீழ ஓடினது ப்ளூஸ் கிடார்தான். இதுல எங்க சுத்தம், எங்க கலப்படம்?


மொட்டைமாடி ரேடியோ:

கறுப்புத்தட்டு அண்ணே சொன்னது அத்தனையும் சரி, ஆனா ஒரு விஷயத்துல நான் ஒத்துக்க மாட்டேன். புதுசா வர்றவங்களக் கொண்டுபோய் நேரா 1956ல தள்ளினா நாலு பாட்டு மரியாதைக்குக் கேட்டுட்டு ஓடிடுவாங்க. அவருக்கு ஏற்கனவே பிடிச்ச இடத்துல இருந்து பின்னாடி போகட்டுமே. 1972ல ஸ்டாக்ஸ் லேபிள் போட்ட 'பி ஆல்டிட்யூட்: ரெஸ்பெக்ட் யுவர்செல்ஃப்' ஆல்பம், முழுசா, வரிசை மாத்தாம.

திண்ணைவாசி, உங்க கிடார் கேள்விக்கு பதில்: இல்ல, அது பாப்ஸ் கிடையாது. மேவிஸ் 'டாடி'ன்னு கூப்பிடுறாங்க, வந்து வாசிக்கிறது எடி ஹிண்டன்னு ஒரு வெள்ளக்காரப் பையன். உங்க காது நல்ல காது, சந்தேகப்பட்டது சரிதான். அதே பாட்டுல 'டேவிட்'னு பேஸ் வாசிக்கிறவரக் கூப்பிடுவாங்க, அது நிஜமாவே டேவிட் ஹூட்தான். இந்தப் பாட்ட அலபாமால மஸல் ஷோல்ஸ் ஸ்டூடியோவுல எடுத்தாங்க. கீபோர்டு பேரி பெக்கெட், டிரம்ஸ் ராஜர் ஹாக்கின்ஸ், கிடார் ஜிம்மி ஜான்சன், பேஸ் ஹூட், எல்லாரும் அந்தப் பக்கத்து வெள்ளக்காரப் பசங்க, இனவெறில ஊறின ஊரு, உள்ள போனா இப்படி ஒரு மியூசிக்.

பாட்டக் கவனிச்சுப் பாருங்க, மொத்தமே ரெண்டு கார்டு (சேத்து வாசிக்கிற சுரக்கூட்டு) தான். சி, எஃப், சி, எஃப்னு கடைசிவரைக்கும் அதுவேதான் சுத்துது. வரிகளும் நாலஞ்சுக்கு மேல தேறாது, மீதியெல்லாம் மேவிஸ் ஒரு சத்தம் போடுறதும் குடும்பம் திருப்பிச் சொல்றதும்தான். இது என்ன டான்ஸ் பாட்டா? பாஸ்டர் ஒரு வரி சொல்ல சபை பதில் சொல்லுமே, அதே அமைப்புதான், பேஸ் மட்டும் ஜமைக்கால இருந்து வந்திருக்கு. அத சும்மா சொல்லல, 1969ல வந்த 'லிக்விடேட்டர்'னு ஹாரி ஜே ஆல் ஸ்டார்ஸோட ரெக்கே இன்ஸ்ட்ருமென்டல் ஒண்ணு இருக்கு, அதோட தொடக்கத்த அப்படியே தூக்கி இதுல வச்சிருக்காங்க. ரெண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டா சிரிப்பு வந்துடும்.

எழுதினது ஸ்டாக்ஸ் முதலாளிங்கள்ல ஒருத்தரான ஆல் பெல். அவரோட தம்பியச் சுட்டுக் கொன்னுட்டாங்க, ஊருக்குப் போயி அடக்கம் முடிச்சுட்டு அப்பா வீட்டுப் பின்பக்கம் நின்ன ஒரு பழைய ஸ்கூல் பஸ் மேல உக்காந்திருக்கப்ப வந்த வரிகள் அதுன்னு அவரே சொல்லியிருக்காரு. யாரும் அழாத ஒரு இடம் எனக்குத் தெரியும், அங்க உன்னக் கூட்டிட்டுப் போறேன்னு வருதே, அது பார்ட்டிக்கு எழுதினது இல்ல. அந்த விஷயம் தெரிஞ்சப்புறம் கேளுங்க, அதே பாட்டு வேற மாதிரி இருக்கும். 1972 ஜூன்ல அமெரிக்கா பாப் சார்ட்ல நம்பர் ஒண்ணு. அப்ப சர்ச் ஆளுங்க சில பேரு இவங்க சாத்தான் பாட்டுப் பாடுறாங்கன்னு குத்தம் சொன்னதுக்கு, சாத்தானுக்கு ஏது பாட்டு, பாட்டெல்லாம் கடவுளோடதுதான்னு மேவிஸ் பதில் சொன்னாங்க. உங்க ஃப்ரெண்டுக்கு இதுவே போதும்.

(டேவிட் ஹூட்டோட பையன்தான் ட்ரைவ்-பை ட்ரக்கர்ஸ் க்ரூப்புல பாடுற பேட்டர்சன் ஹூட். சும்மா ஒரு உபரித் தகவல்.)


பனங்கூடல்:

ரெண்டு பேரும் 1956க்கும் 1972க்கும் நடுவில கிடக்கிற பெரிய காலத்த அப்பிடியே தாண்டிப் போட்டியள். என்னைக் கேட்டால் ஸ்டேப்பிள்ஸ் ஆர் எண்டு விளங்கிறதுக்கு 1965தான். 'ஃப்ரீடம் ஹைவே'.

நடந்தது என்னெண்டால், அந்த வருசம் மார்ச் மாசம் அலபாமால செல்மாவில இருந்து மான்கமரிக்கு வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போச்சு. முதல் நாள் பாலத்தில வச்சுப் பொலிஸ் அடிச்ச அடி உலகத்துக்கே தெரியும். பிறகு திரும்பவும் நடந்து மார்ச் 25 மான்கமரிக்குப் போய்ச் சேந்தவை. அது முடிஞ்சு ரெண்டு கிழமையளவில, ஏப்ரல் மாசம், சிகாகோவில நியூ நாசரேத் சேர்ச்சில ஸ்டேப்பிள்ஸ் பாடினதை அப்பிடியே பதிவு செய்திச்சினம். பாப்ஸ் முதல்ல அந்த நடைபயணத்தைப் பற்றி ரெண்டு வசனம் கதைப்பார், அதில இருந்துதான் இந்தப் பாட்டு வந்தது எண்டு சொல்லுவார், பிறகு கிடார் தொடங்கும். ஒரு மாசத்துக்கு முந்தி நடந்த விசயத்துக்கு அந்தச் சனத்துக்கு முன்னால அந்தச் சூட்டோட பாட்டு. கை தட்டுற சத்தத்தை மட்டும் தனியக் கேட்டாலே உடம்பு சிலிர்க்கும்.

வாங்கிறதெண்டால் 2015இல வந்த முழுப் பதிப்பைக் கேளுங்கோ. 1965இல வந்த தட்டில வெட்டிச் சுருக்கிப் போட்டவை. முழுப் பதிப்பில போதகர் கதைக்கிறது, காணிக்கை எடுக்கிறது எல்லாம் கிடக்கு. சிலருக்கு அது அலுப்பா இருக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும், ஏனெண்டால் இது கச்சேரி இல்லை, ஆராதனை எண்டு அப்பதான் விளங்கும். பேஸ் ஃபில் அப்சர்ச், ட்ரம்ஸ் ஆல் டங்கன், ரெண்டு பேரும் சிகாகோவில பேர் போன ஸ்டூடியோக் காரர், குடும்பத்தைக் குழப்பாமல் பின்னால நிண்டு வாசிச்சிருக்கினம்.

இவை இந்தப் பக்கம் வந்த கதை எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் சொல்லுறன். 1960கள் துவக்கத்தில மான்கமரிக்குப் பாடப் போன இடத்தில மார்ட்டின் லூதர் கிங்கின்ர பிரசங்கம் கேட்கப் போயிருக்கினம். திரும்பி ஹோட்டலுக்கு வந்த பாப்ஸ் பிள்ளையளைத் தன்ர அறைக்குக் கூப்பிட்டு, இவர் சொல்லுற விசயம் எனக்குப் பிடிச்சிருக்கு, அவர் பிரசங்கிக்கலாமெண்டால் நாங்கள் அதைப் பாடலாம் எண்டு சொன்னவராம். அதுக்குப் பிறகு கிங்கின்ர கூட்டங்களுக்கு முதல் இவை பாடுறது வழக்கமாப் போச்சு. 'வை? ஆம் ஐ ட்ரீட்டட் சோ பேட்' எண்டொரு பாட்டு, 1957இல லிட்டில் ராக்கில ஒன்பது கறுப்புப் பிள்ளையளைப் பள்ளிக்கூடத்துக்குள்ள விடாமல் மறிச்சதை டீவீல பாத்த பாப்ஸ் எழுதினது. கிங்குக்கு அதுதான் பிடிச்ச பாட்டு, இண்டைக்கு என்ர பாட்டைப் பாடுவீங்கள்தானே எண்டு பாப்ஸிட்டக் கேட்பாராம். அந்தப் பாட்டில கோவம் இல்லை, கேள்வி மட்டும்தான், ஏன் எங்களை இப்பிடி நடத்துறியள் எண்டு. எனக்கு அது கோவத்தை விடக் கனமாத் தெரியுது.

ஆகவே காசுக்காகப் போனவை எண்டு ஆரும் சொன்னால் இந்தப் பத்து வருசத்தை எந்தக் கணக்கில எழுதுறது எண்டு கேளுங்கோ.


சில்லறைக்காசு:

எல்லாரும் ரொம்ப சீரியஸா போறீங்க, நான் ஒரு ஜாலியான விஷயம் சொல்லிட்டு ஓடிடுறேன். 1975ல கர்டிஸ் மேஃபீல்டு ஒரு படத்துக்காக 'லெட்ஸ் டூ இட் அகெய்ன்' எழுதி இவங்ககிட்ட கொண்டு வந்தாரு. சிகாகோல இவங்க கண்ணு முன்னாடி வளந்த பையன் அவரு. வரி கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும், பாப்ஸ் படிச்சுப் பாத்துட்டு, நான் சர்ச் ஆளுப்பா இதெல்லாம் என் வாயில வராதுன்னு அடம் பிடிச்சிருக்காரு. கர்டிஸ் கெஞ்சிக் கூத்தாடி, கடவுள் இதுக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டாரு பாப்ஸ்னு சொல்லிப் பாட வச்சாராம். அதுவும் நம்பர் ஒண்ணு. அறுபது வயசுல மனுஷன் அந்த வரியப் பாடுறதக் கேளுங்க, கூச்சம் அப்படியே குரல்ல தெரியும், அதுதான் பாட்டோட அழகே.

உங்க ஃப்ரெண்டுகிட்ட இத மட்டும் போட்டுக் காட்டாதீங்க, கேஸ் தோத்துடுவீங்க.


திண்ணைவாசி:

மக்களே என்ன சொல்றதுன்னே தெரியல, இவ்ளோ பதில் வரும்னு எதிர்பாக்கல. சொன்னதுல மூணு கேட்டாச்சு. 'அன்க்ளவுடி டே' முதல் தடவ ஒண்ணும் புரியல, ரொம்ப மெதுவா போகுதேன்னு இருந்துச்சு, ரெண்டாவது தடவ கேக்குறப்ப மேவிஸ் உள்ள வர்ற இடத்துல கைல இருந்த வேலைய நிறுத்திட்டேன். 'ஃப்ரீடம் ஹைவே' எடுத்த எடுப்புலயே பிடிச்சிருச்சு. 'லிக்விடேட்டர்' கேட்டுட்டு நிஜமாவே சிரிச்சேன், என்ன தைரியம்யா.

எடி ஹிண்டன் விஷயம் மட்டும் மனசுக்குக் கஷ்டமா இருக்கு, அப்பாவத்தான் கூப்பிடுறாங்கன்னு இவ்ளோ நாள் சந்தோஷமா இருந்தேன் :)

இன்னொரு சந்தேகம். எல்லாரும் பாப்ஸ், மேவிஸ் ரெண்டு பேர் பத்தியே பேசுறோம். பின்னாடி பாடுறவங்க யாரு? பழைய பாட்டுகள்ல ரொம்ப உசரத்துல ஒரு குரல் கேக்குது, கம்பி மாதிரி, அது யாரோடது?


ரெண்டாங்குரல்:

இந்தக் கேள்விக்காகத்தான் உக்காந்திருந்தேன். என் பேரே பாருங்க.

அது பெரும்பாலும் கிளியோத்தா, மூத்த பொண்ணு, வீட்ல கூப்பிடுறது க்ளீடி. அந்த மூக்குல இருந்து வர்ற மாதிரியான உசந்த குரல் இல்லன்னா ஸ்டேப்பிள்ஸ் சத்தமே கிடையாது. மேவிஸ் கீழ இருக்காங்க, கிளியோத்தா மேல, நடுவுல பாப்ஸ் அடிச்சுப் பேசாம மெதுவாப் பாடுற குரல். மத்த கோஸ்பல் க்ரூப்புங்கள அதே காலத்துல எடுத்துக் கேளுங்க, கத்துவாங்க, உச்சத்துக்குப் போவாங்க, மேடைல விழுந்து எழுவாங்க. இவங்க அந்தப் போட்டிக்கே போகல. மிசிசிப்பில பாப்ஸோட அம்மா அப்பா காலத்துல வீட்டு வாசல்ல உக்காந்து பாடின சத்தத்த சிகாகோக்குத் தூக்கிட்டு வந்துட்டாரு. அதனாலதான் 1956லயே இது பழைய பாட்டு மாதிரி இருந்துச்சு, அதனாலதான் இப்பவும் பழசாகல.

பெர்விஸ்னு பையன். சின்ன வயசுல லீட் பாடினதே அவன்தான், மீசை முளைக்கிற வயசுல குரல் உடைஞ்சு போச்சு, அப்புறம்தான் பாப்ஸ் மேவிஸப் பாத்து நீ பாடுன்னாரு. அந்தப் பொண்ணுக்கு விருப்பமே இல்லையாம், பின்னாடி நின்னு பாடுறதுதான் பிடிச்சிருந்துச்சாம். அப்படி நடக்காம இருந்தா மேவிஸ் ஸ்டேப்பிள்ஸ்னு ஒருத்தங்க நமக்குக் கிடைச்சிருக்க மாட்டாங்க. ஸ்டாக்ஸ் காலத்து தொடக்கத்துல பெர்விஸ் விலகிட்டாரு, இன்னொரு சிகாகோ குடும்பத்துப் பொண்ணுங்களக் கூட்டிட்டு வந்து ஸ்டாக்ஸ்ல சேத்துவிட்டாரு, அவங்கதான் தி எமோஷன்ஸ். அந்த ஹட்சின்சன் அக்கா தங்கச்சிங்க பத்தி ஒரு தனி இழை போடலாம், போட்டா நான் வருவேன்.

பெர்விஸ் போன இடத்துக்கு வந்தவங்க இவோன். அவங்களுக்கு மேடையே பிடிக்காது, கணக்கு வழக்கு, புக்கிங், யாரு காசு தரணும் யாரு தரலன்னு பாக்குறதுதான் பிடிக்கும். ஆனா பெரிய ஹிட் எல்லாம் வந்தப்ப பின்னாடி பாடினது அவங்கதான். 'ரெஸ்பெக்ட் யுவர்செல்ஃப்' போட்டுட்டு மேவிஸ மறந்துட்டுப் பின்னாடி இருக்குற ரெண்டு அக்காக்கள மட்டும் பின்தொடருங்க. பாப்ஸ் முதல் வரிய அறிவுரை சொல்ற மாதிரி ஆரம்பிப்பாரு, அந்தக் குரலக் கேட்டு யாரும் எதுத்துப் பேச முடியாது, அப்புறம் பொண்ணுங்க வந்து ஆமா ஆமாங்கற மாதிரி முடிப்பாங்க. எழுதினது மாக் ரைஸும் லூதர் இங்க்ரமும், ஆனா வீட்ல சாப்பாட்டு மேஜைல அப்பா பேசுற மாதிரியே இருக்கும்.

எனக்கு மேவிஸ் பிடிக்கும், யாருக்குத்தான் பிடிக்காது. ஆனா எல்லாப் பாட்டையும் மேவிஸ் பாட்டுன்னு சொல்றப்ப கொஞ்சம் கோவம் வரும்.


மொட்டைமாடி ரேடியோ:

ரெண்டாங்குரல் சொன்னதுக்கு ஒரு சாட்சி. 1972 ஆகஸ்ட் 20, லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஸ்டாக்ஸ் கம்பெனி நடத்தின வாட்ஸ்டாக்ஸ் கச்சேரி. டிக்கெட் ஒரு டாலர், ஸ்டேடியத்துல லட்சம் பேர். அந்த வீடியோவுல பாப்ஸ் எவ்ளோ நிதானமா நிக்கிறாரு பாருங்க, பக்கத்துல பொண்ணுங்க. லட்சம் பேர் முன்னாடி ஹால் தரைல உக்காந்து பாடுற மாதிரியே பாடிட்டுப் போறாங்க.

அப்புறம் தி பேண்ட் க்ரூப்போட 'தி வெயிட்' பாடினது, 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' படத்துல வரும். அது கச்சேரில எடுத்தது இல்ல, பின்னாடி செட்டுல தனியா எடுத்தது. மேவிஸ் ஒரு சரணம், பாப்ஸ் ஒரு சரணம். பாட்டு முடிஞ்சதும் மேவிஸ் வாய்க்குள்ளயே அழகா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுவாங்க, மைக்ல விழுந்துடுச்சு, அத வெட்டாம விட்ட எடிட்டருக்குக் கும்பிடு.


பனங்கூடல்:

பாப்ஸ் 2000ஆம் ஆண்டு டிசம்பரில போனதுக்குப் பிறகு வந்ததுகளை ஒருத்தரும் சொல்லேல்லையே? கொஞ்ச நாள் மேவிஸுக்குப் பாடவே மனம் வரேல்லை, இவோன்தான் எழும்பு, அப்பாவுக்கு நீ பாடுறதுதான் விருப்பம் எண்டு பிடிச்சு இழுத்துக் கொண்டு வந்தவா. 2004இல 'ஹேவ் எ லிட்டில் ஃபெய்த்', தன்ர காசைப் போட்டுச் செய்தது. பிறகு 2007இல கிடார் கலைஞர் ரை கூடரோட 'வி'ல் நெவர் டேர்ன் பாக்', முழுக்க அந்த விடுதலைப் போராட்டக் காலத்துப் பாட்டுகள். 2010இல வில்கோ எண்ட ராக் குழுவின்ர பாடகர் ஜெஃப் ட்வீடி செய்து குடுத்த 'யூ ஆர் நாட் அலோன்' அவவுக்கு முதல் கிராமி வாங்கிக் குடுத்தது. இத்தனை வருசம் பாடி அப்பதான் முதல் தரம் எண்டால் பாருங்கோ.

ஆனால் என்ர மனதில நிக்கிறது பாப்ஸின்ர 'டோண்ட் லூஸ் திஸ்'. கடைசிக் காலத்தில பதிவு செய்து வச்ச பாட்டுகள், இதைத் துலைச்சுப் போடாதை எண்டு சொல்லி மேவிஸிட்டக் குடுத்தவர். அவ அதைக் கன வருசம் வச்சிருந்து ட்வீடியிட்டக் குடுத்து, அவரும் அவற்ர மகனும் பேஸும் ட்ரம்ஸும் மட்டும் சேத்து 2015இல வெளியில வந்தது. இன்னொரு குடும்பம் வந்து இந்தக் குடும்பத்தின்ர வேலையை முடிச்சுக் குடுத்திருக்கு.


கறுப்புத்தட்டு:

ட்வீடி ஆல்பங்கள் நல்லாதான் இருக்கு, ஆனா எனக்குக் கொஞ்சம் ரொம்ப மரியாதையா எடுத்த மாதிரி இருக்கும், எல்லாம் பளபளன்னு. அதுக்கு 2008ல வந்த 'லைவ்: ஹோப் அட் தி ஹைட்அவுட்' எவ்வளவோ மேல். சிகாகோல சின்ன பார், மூச்சு வாங்குற சத்தம்கூடக் கேக்கும். கிடார் ரிக் ஹோம்ஸ்ட்ராம், பாப்ஸோட ட்ரெமோலோவக் கரைச்சுக் குடிச்ச ஆளு, ஆனா காப்பி அடிக்க மாட்டாரு. இவோன் பின்னாடி நின்னு பாடுறாங்க அதுல, ரெண்டாங்குரல் குறிச்சு வச்சுக்கங்க. கிளியோத்தா 2013, இவோன் 2018, பெர்விஸ் 2021ல போயிட்டாங்க. மேவிஸ் 1939ல பொறந்தவங்க, எண்பது தாண்டியும் மேடைல.


ரெண்டாங்குரல்:

அண்ணே, ரிக் ஹோம்ஸ்ட்ராம் நல்ல வாசிப்புதான், இருந்தாலும் பாப்ஸ் ரெண்டு சுரத்துக்கு நடுவுல விடுற இடைவெளி இருக்கே, அது யாருக்கும் வரல. ராக் பாடகர் ஜான் ஃபோகர்ட்டியே அந்த ட்ரெமோலோவப் பாத்துதான் தன் கிடார் சத்தத்த அமைச்சுக்கிட்டேன்னு ஒத்துக்கிட்டவரு.

ட்வீடி விஷயத்துல நான் உங்க கட்சி இல்ல. சண்டைய தனி இழைல வச்சுக்கலாம்.


திண்ணைவாசி:

ஃப்ரெண்டுகிட்ட நேத்து 'ஃப்ரீடம் ஹைவே' போட்டுக் காட்டினேன். இது கோஸ்பலா அரசியலான்னு கேட்டேன், ரெண்டும்தான்னான். அப்ப 'ரெஸ்பெக்ட் யுவர்செல்ஃப்' என்னன்னு கேட்டேன், அது வேறன்னான். என்ன வேறன்னு கேட்டா டிரம்ஸ் ஜாஸ்தின்னான். விட்டுட்டேன்.

கடைசியா ஒண்ணு, 'அன்க்ளவுடி டே' தட்டு வாங்கலாம்னு பாத்தா அதே பேர்ல ஏகப்பட்டது இருக்கு, அட்டை வேற வேற, பாட்டு வரிசை வேற வேற. எத வாங்குறது?


கறுப்புத்தட்டு:

பழைய வீ-ஜே பாட்டுகள ஆளாளுக்கு ரீ-இஷ்யூ போட்டு வச்சிருக்காங்க. பின்னாடி ரிவர்சைடு, எபிக்னு வேற லேபிளுங்களுக்கும் நிறையப் பாடியிருக்காங்க, அதையும் இதோட கலந்து தொகுப்பு போட்டு விப்பாங்க. அட்டையப் பாத்து ஏமாறாதீங்க, பின்பக்கம் ஒவ்வொரு பாட்டுக்கும் வருஷமும் மூல லேபிளும் போட்டிருக்கான்னு பாருங்க, 1950கள், வீ-ஜேன்னு இருந்தா எடுங்க. எதுவுமே போடலன்னா கடைலயே வச்சுட்டு வந்துடுங்க. அட்டை போட்டோவ இங்க போட்டீங்கன்னா பாத்து சொல்றேன்.